ஆயிரத்து இருநூறு வெள்ளிக் கணினி

கடந்த ஆண்டு ஆகஸ்டு மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிள்ளானில் அக்கா வீட்டில் மதியச் சாப்பாடு. அக்கா மகன் தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டான். மீன் குழம்பு வைத்த நாளில் அவன் இரண்டாவது முறை சோறு போட வராமல் இருந்ததே இல்லை. நான் பின்னாலேயே போனேன்.

மேசையில் ஒரு மடிக்கணினி. திரையில் ஒரு சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அவன் கட்டிலில் உட்கார்ந்து அதைப் பார்த்தபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"என்னடா இது?"

"திறந்துக்கிட்டு இருக்கு சித்தி."

"எவ்வளவு நேரமா?"

"நாப்பது நிமிஷம் இருக்கும். இது ஓடாது லா சித்தி."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு மெதுவாகச் சொன்னான். போலிடெக்னிக்கில் இறுதி ஆண்டுத் திட்டத்தை ஒப்படைக்க ஏழு வாரம்தான் இருக்கிறது. கைப்பேசிச் செயலி ஒன்றைச் செய்து காட்ட வேண்டும். வடிவமைப்பு முழுவதும் நோட்டுப் புத்தகத்தில் தயார். ஆனால், அதைச் செய்யும் மென்பொருள் இந்த மடிக்கணினியில் திறக்கவே மறுக்கிறது. கல்லூரிக் கணினிக்கூடம் மாலை ஐந்து மணிக்குப் பூட்டிவிடும். வார இறுதியில் இவனுக்கு உணவகத்தில் பகுதிநேர வேலை. "இந்தத் தவணையை விட்டுட்டு கிடங்குல வேலைக்குப் போயிடலாம்னு இருக்கேன். அம்மாகிட்ட சொல்லாதீங்க."

மீன் குழம்பு எனக்கும் இறங்கவில்லை.

அந்த மடிக்கணினியின் கதை உங்களில் பலருக்குத் தெரிந்த கதைதான். 2020-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது, வீட்டிலிருந்தே படிக்க வேண்டும் என்றதும், கையில் இருந்த காசுக்கு எது கிடைத்ததோ அதை வாங்கினோம். இரண்டு கோர் கொண்ட செலரான் புராசசர், 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பு. கூகுள் மீட்டில் ஆசிரியர் முகத்தைப் பார்க்க அது போதும். படிவம் மூன்று மாணவனுக்கு வாங்கியதில் இன்று டிப்ளோமா மாணவன் ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவைத் திறக்கப் பார்க்கிறான். ரேமையாவது கூட்டலாம் என்றால், அது போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கிறது. கழற்றவும் முடியாது, சேர்க்கவும் முடியாது.

அவன் செய்ய நினைத்த செயலி என்ன என்று கேட்டேன். அதைக் கேட்ட பிறகுதான் இந்த விஷயத்தில் நான் முழுதாக இறங்கினேன்.

அக்கா பள்ளி வேன் ஓட்டுகிறார். காலையில் இரண்டு நடை, 22 பிள்ளைகள், 17 குடும்பங்கள். யார் வருகிறார்கள், யார் வரவில்லை என்பதெல்லாம் புலனக் குழுவில்தான். விடியற்காலை ஐந்தரைக்கு "இன்னிக்கு தம்பி வரமாட்டான்" என்று ஒருவர். அதற்கு மேலே காலை வணக்கம் சொல்லும் ரோஜாப்பூ. அதற்கும் மேலே யாரோ ஒருவரின் பிறந்தநாள் கேக். ஒரு நாள் இரண்டாம் ஆண்டுப் பிள்ளை ஒன்றின் அம்மா, "காலையில் அப்பா கொண்டுபோய் விடுவார், பிற்பகலில் வேனில் ஏற்றிக்கொள்ளுங்கள்" என்று எழுதியிருந்தார். சிக்னலில் நின்றபடி அக்கா படித்தது முதல் பாதியை மட்டும். அன்று பிற்பகல் அந்தப் பிள்ளை பள்ளி வாசலில் புத்தகப்பையின் மேல் உட்கார்ந்து காத்திருந்தது. பாதுகாவலர் தொலைபேசியில் அழைக்கும்போது மணி இரண்டு பத்து. பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. அக்காதான் அன்றிரவு முழுக்கத் தூங்கவில்லை.

தம்பியின் செயலி இதற்குத்தான். காலை, பிற்பகல் என்று இரண்டே பொத்தான்கள். பெற்றோர் தட்டினால் அக்காவின் பட்டியலில் பச்சை சிவப்பாக மாறும். எல்லாம் தமிழில். அவ்வளவுதான்.

மறுநாள் மாலை அவனை அழைத்துக்கொண்டு ஒரு கடைவளாகத்துக்குப் போனேன். விற்பனையாளர் மிக அன்பாகப் பேசினார். விசைப்பலகையில் வானவில் நிறங்கள் ஓடும் கேமிங் மடிக்கணினி. "மாதம் 129 வெள்ளிதான் அக்கா, முன்பணம் வேண்டாம்." எத்தனை மாதம்? 36. ரொக்க விலை 3,299. பெருக்கிப் பார்த்தேன்: 4,644. வட்டி மட்டும் 1,345 வெள்ளி. அக்காவின் கையில் இருந்தது வேன் டயர் மாற்ற ஒதுக்கிய 1,200 வெள்ளி. புஸ்பாகோம் சோதனைக்கு முன் மாற்றியாக வேண்டிய டயர்கள். தம்பி என்னைப் பார்த்தான். நான் விற்பனையாளருக்கு நன்றி சொல்லிவிட்டு அவனை வெளியே கூட்டி வந்தேன்.

நான் ஊடகத்துறையில் பட்டம் வாங்கியவள். கணினியில் எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒலியை வெட்டுவது, ஒட்டுவது, இருமலை நீக்குவது. ஆகவே எங்கள் நிலையத்தின் தொழில்நுட்ப அண்ணனிடம் போய் நின்றேன். ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் பின்னால் ஒரு குளிர் அறையில் வயர்களுக்கு நடுவே இருப்பவர். அதிகம் பேசமாட்டார். பேசினால் குறித்துக்கொள்ள வேண்டும்.

"மொதல்ல ஒன்னு கேக்கறேன். பையன் கேம் விளையாடணுமா, செயலி செய்யணுமா?"

"செயலிதான் அண்ணே."

"அப்போ கிராபிக்ஸ் கார்டு வேணாம். மின்னுற விளக்கு வேணாம். ரேம் வேணும்."

ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினார். கணினியைத் திறந்ததும் விண்டோஸ் மட்டுமே மூன்று நான்கு ஜிபி ரேமை எடுத்துக்கொள்ளும். ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ இரண்டு மூன்று. எழுதிய நிரலைச் செயலியாகத் திரட்டும் கிரேடில் என்ற பணியாளுக்கு இன்னும் இரண்டு. கணினிக்குள்ளேயே ஒரு பொய்க் கைப்பேசியை ஓடவிட்டுச் சோதிக்கும் எமுலேட்டருக்கு இன்னொரு இரண்டு மூன்று. பாடம் தேட இணைய உலாவியில் பத்துப் பக்கம் திறந்திருந்தால் அதற்கும் ஒன்றிரண்டு. கூட்டினால் 10-இலிருந்து 14 வரை போகிறது. கூகுள் தன் பக்கத்தில் கேட்பதும் இதையொட்டித்தான்: ஸ்டூடியோ மட்டும் என்றால் 8 ஜிபி, எமுலேட்டரும் சேர்ந்தால் 16.

"ரேம்ங்கறது மேசை. நாலு ஜிபின்னா ஸ்டூல். ஸ்டூல் மேல வெச்சு கல்யாணத்துக்குக் காய்கறி நறுக்க முடியுமா?"

ரேமுக்கு அடுத்து எஸ்எஸ்டி, அதற்கு அடுத்துதான் புராசசர் என்றார். நான்கு கோர் இருந்தால் சமாளிக்கலாம், ஆறு இருந்தால் நிம்மதி. புதிதாகப் பாகங்கள் வாங்கிப் பூட்டினால்? ரைசன் 5 5600ஜி போன்ற, படக்காட்சிக்கான பகுதியையும் உள்ளேயே வைத்திருக்கும் புராசசர் ஒன்றைச் சுற்றிக் கட்டலாம். ஆறு கோர், நல்ல தேர்வு. ஆனால் பெட்டி, போர்டு, மின்வழங்கி, திரை என்று சேர்க்கும்போது நம் பணத்தை விட்டு வெகுதூரம் போய்விடும்.

"ஆபீஸ்ல கழிச்ச டெஸ்க்டாப் வாங்கு. எட்டாவது தலைமுறை. அதுக்குக் கீழே வேணாம்."

இந்த 'எட்டாவது தலைமுறை' என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் காசு மிச்சமாகும் இடம் இதுதான். பெரிய அலுவலகங்கள் கணினிகளை மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் வரை பயன்படுத்திவிட்டுக் கூட்டம் கூட்டமாகக் கழிப்பார்கள். அவற்றைத் துடைத்து, சோதித்து விற்கும் வியாபாரம் இங்கே நன்றாகவே நடக்கிறது. டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி எலிட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் என்ற பெயர்களில் கறுப்புப் பெட்டிகளாக அடுக்கி வைத்திருப்பார்கள். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிவதாக மைக்ரோசாப்ட் அறிவித்திருந்தது. இன்டெல் புராசசர்களில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தியவையும்தான் விண்டோஸ் 11-க்குத் தகுதி. அதனால் ஆறாம், ஏழாம் தலைமுறைக் கணினிகள் அடிமாட்டு விலைக்கு வந்தன. எட்டாம் தலைமுறை அதைவிடக் கொஞ்சம் கூடுதல். அந்தக் கொஞ்சத்தைக் கொடுத்துவிடுவது நல்லது. இந்தத் தலைமுறையில்தான் ஐ5 புராசசர் நான்கு கோரிலிருந்து ஆறு கோருக்கு உயர்ந்தது. கையில் அதுவும் இல்லை என்றால், ஏழாம் தலைமுறைப் பெட்டியில் லினக்ஸ் மின்ட் அல்லது உபுண்டுவைப் போட்டுக்கொள்ளலாம். இரண்டும் இலவசம், ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ அவற்றிலும் ஓடும்.

மடிக்கணினிதான் வேண்டும் என்று தம்பி முதலில் முரண்டு பிடித்தான். அதே விலையில் மேசைக்கணினி வேகமாகவும் சூடேறாமலும் இருக்கும், பழுதானால் பாகத்தை மாற்றலாம் என்று அண்ணன் சொன்னதும் அடங்கினான். மனதுக்குள் அந்த வானவில் விசைப்பலகை ஓடிக்கொண்டிருந்தது என்பது எனக்குத் தெரியும். இருபது வயதில் எனக்கும் ஓடியிருக்கும்.

அடுத்த சனிக்கிழமை அவன் வேலைக்கு விடுப்பு எடுத்தான். கிள்ளானிலிருந்து கொமுட்டர், கேஎல் சென்ட்ரலில் இறங்கி மோனோரயில், இம்பியில் இறங்கி நடை. லோ யாட் பிளாசாவுக்குள் நுழைந்தால் எல்லாரும் நம்மை "பாஸ்" என்றுதான் கூப்பிடுவார்கள். அன்று ஒருநாள் மட்டும் நானும் பாஸ். அங்கும் வெளியிலும் விலை விசாரித்துவிட்டு, பழைய அலுவலகக் கணினிகள் மட்டும் விற்கும் ஒரு சிறிய கடையில் 580 வெள்ளிக்கு ஒரு பெட்டியைப் பிடித்தோம். எட்டாம் தலைமுறை ஐ5, ஆறு கோர், 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி, உரிமத்துடன் விண்டோஸ்.

காசு கொடுப்பதற்கு முன் அண்ணன் எழுதிக் கொடுத்த சீட்டின்படி தம்பி ஒவ்வொன்றாகப் பார்த்தான். கடைக்காரர் முகம் சுளிக்கவில்லை. சுளித்தால் வெளியே வந்துவிடு என்பது அண்ணனின் உத்தரவு. முதலில் கணினியை அணைத்துவிட்டு, திறக்கும்போது பயாஸ் அமைப்புக்குள் போக முடிகிறதா என்று பார்த்தான். அலுவலகத்தில் போட்ட கடவுச்சொல்லோடு சில பெட்டிகள் வந்துவிடும், பிறகு உள்ளே எதையும் மாற்ற முடியாது. அடுத்து டாஸ்க் மேனேஜரில் புராசசர் பெயர், ரேம் அளவு. 'வெர்ச்சுவலைசேஷன்' என்ற வரியையும் பார்க்கச் சொல்லியிருந்தார். அது இயங்காவிட்டால் எமுலேட்டர் ஊர்ந்துதான் போகும். எங்கள் பெட்டியில் அது அணைக்கப்பட்டிருந்தது. தம்பி பயாஸுக்குள் போய் இயக்கினான், இரண்டு நிமிட வேலை. கடைசியாக, கிரிஸ்டல்டிஸ்க்இன்போ என்ற இலவசக் கருவியில் எஸ்எஸ்டியின் ஆரோக்கியம். 71 விழுக்காடு. சுமார்தான். படித்து எழுதியதையெல்லாம் இதில் வைக்கப்போகிறான் என்பதால் 140 வெள்ளிக்குப் புதிதாக ஒரு 500 ஜிபி வாங்கிவிட்டோம்.

இனி என் பங்குக் கூத்து.

8 ஜிபி ரேமை 16 ஆக்க வேண்டும். "ரேம் என் அன்பளிப்பு" என்று வீராப்பாகச் சொல்லிவிட்டு, இரவு நிகழ்ச்சி முடிந்ததும் இணையத்தில் தேடினேன். 16 ஜிபி, டிடிஆர்4, வெறும் 60 வெள்ளி! மற்ற இடங்களில் அதைவிட இரண்டு மடங்கு. விற்பவருக்கு அவசரத் தேவை போலும் என்று நினைத்து, இரக்கப்பட்டு வேறு வாங்கினேன். மூன்றாம் நாள் வந்தது. பொருத்தினோம், அழகாக உட்கார்ந்தது. பொத்தானை அழுத்தினால் விசிறி சுற்றுகிறது, விளக்கு கண் சிமிட்டுகிறது, திரை மட்டும் கறுப்பு. தம்பிக்கு வியர்த்துவிட்டது. பெட்டியே போய்விட்டதோ என்று எனக்கு வயிற்றைக் கலக்கியது. பழைய ரேமைத் திரும்பப் போட்டதும் உயிர் வந்தது.

மறுநாள் அண்ணனிடம் காட்டினேன். ஒட்டுத்தாளை ஒரு முறை பார்த்தார். "இது சர்வர் ரேம். சொருகி ஒன்னுதான், ஆனா சாதாரணக் கணினி இதை ஏத்துக்காது. அதான் விலை கம்மி." விற்றவருக்குச் செய்தி அனுப்பினேன். விளம்பரத்தின் அடியில் சிறிய எழுத்தில் எழுதியிருக்கிறேனே என்றார். எழுதியிருந்தார்தான். புலனக் குழுவில் அக்கா முதல் பாதியை மட்டும் படித்ததற்கு நான் என்னென்ன அறிவுரை சொன்னேன் என்பது நினைவுக்கு வந்தது.

பிறகு பெட்டி வாங்கிய கடைக்கே போய், பொருத்திச் சோதித்துப் பார்த்து, இரண்டு 8 ஜிபி ரேம்களை 150 வெள்ளிக்கு வாங்கினோம். உங்கள் பெட்டியிலிருந்து ஒரு ரேமைக் கழற்றிக் கையோடு எடுத்துச் செல்வதுதான் பாதுகாப்பு. உள்ளங்கை அளவேயான சிறிய பெட்டிகளுக்கு மடிக்கணினியின் குட்டை ரேம், எங்களுடையது போன்றவற்றுக்கு நீள ரேம் என்ற வேறுபாடும் உண்டு. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: நாங்கள் வாங்கியதற்குப் பின் ரேம் விலை ஏறிவிட்டது. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போவதால் வந்த வினை. இப்போது வாங்குபவர்கள் ரேமைத் தனியாக வாங்குவதைவிட, 16 ஜிபி ஏற்கெனவே இருக்கும் பெட்டியைத் தேடிப் பார்ப்பது நல்லது.

சில்லறைச் செலவுகளை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. அலுவலகப் பெட்டிகள் பலவற்றில் வைஃபை கிடையாது. அங்கே எல்லாம் கம்பிவழி இணைப்புதானே! யூஎஸ்பி வைஃபை 35 வெள்ளி. பழைய 22 அங்குலத் திரை 120. பெட்டியில் இருப்பது டிஸ்பிளேபோர்ட், திரையில் இருப்பது எச்டிஎம்ஐ. நடுவில் ஒரு மாற்றி, 18 வெள்ளி. விசைப்பலகையும் மௌஸும் 45. என் 60 வெள்ளி அறிவீனத்தையும் சேர்த்து மொத்தம் 1,148. 

செவ்வாய்க்கிழமை இரவு ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ திறந்தது. முதல் முறை திரட்டும்போது ஆறு நிமிடம். தேவையான கோப்புகளையெல்லாம் இணையத்திலிருந்து அப்போதுதான் இறக்கும், அதனால் அந்த நேரம். அடுத்த முறை இருபது வினாடி. தம்பி எனக்குப் படம்பிடித்து அனுப்பினான். வெறும் வெள்ளைத் திரையில் 'வணக்கம்' என்று ஒரு சொல். காலை நிகழ்ச்சியில் ஆயிரம் முறை சொல்லும் சொல்தான். அன்று வேறு மாதிரி இருந்தது.

எமுலேட்டரை அவன் அதிகம் பயன்படுத்தவில்லை. அக்காவின் பழைய ஆண்ட்ராய்டு கைப்பேசி, மூலையில் விரிசல் விட்டது, அலமாரியில் கிடந்தது. அமைப்புகளுக்குள் போய் 'பில்ட் நம்பர்' என்ற வரியை ஏழு முறை தட்டினால் மென்பொருளாளர்களுக்கான பகுதி திறக்கும். அதில் யூஎஸ்பி டிபக்கிங்கை இயக்கி, கம்பியால் கணினியோடு இணைத்தால் போதும், செயலி நேராக அந்தக் கைப்பேசியிலேயே ஓடும். பொய்க் கைப்பேசிக்குப் போகும் இரண்டு மூன்று ஜிபி மிச்சம். ஸ்கிரீன் காப்பி எனப்படும் இன்னொரு இலவசக் கருவி, அந்தக் கைப்பேசித் திரையைக் கணினித் திரையிலேயே காட்டிவிடுகிறது. 8 ஜிபி கணினி வைத்திருப்பவர்கள்கூட இப்படிச் சமாளிக்கலாம். புதிதாக எதையும் வாங்குவதற்கு முன் முதலில் இதை முயன்று பாருங்கள். எங்களுக்கு யாராவது முன்பே சொல்லியிருந்தால், 4 ஜிபி ஸ்டூலில் அது எடுபட்டிருக்காதுதான், ஆனால் கேட்டிருப்போம்.

தகவலைச் சேமிக்க பயர்பேஸ். அதன் இலவசத் திட்டத்தில் ஒரு நாளைக்கு 20,000 முறை எழுதலாம், 50,000 முறை படிக்கலாம். 22 பிள்ளைகளுக்கு அது கடல். அவனிடம் ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொன்னேன்: பிள்ளையின் பெயர் மட்டும் இருக்கட்டும், வீட்டு முகவரியோ படமோ உள்ளே போகக் கூடாது. மேப் போட்டால் அழகாக இருக்கும் என்றான். அழகு வேண்டாம் என்றேன்.

நான்காம் வாரம் செயலி தயார். பெருமையோடு ஏபிகே கோப்பை அக்காவின் புலனக் குழுவில் போட்டான். ஒருவரும் தரவிறக்கவில்லை. ஒரு தாத்தா, "வேன் அம்மா, உங்க போன ஹேக் பண்ணிட்டாங்க போலிருக்கு, போலீஸ்ல சொல்லுங்க" என்று குரல்பதிவு அனுப்பினார். இன்னொருவர் குழுவை விட்டே போய்விட்டார்.

அவர்கள் செய்தது சரி. கல்யாணப் பத்திரிகை என்று ஏபிகே கோப்பை அனுப்பி வங்கிக் கணக்கைக் காலி செய்யும் மோசடிகள் இங்கே எத்தனை! தெரியாத ஏபிகே கோப்பைத் தொடாதீர்கள் என்று வானொலியில் வாரம் ஒருமுறை எச்சரிப்பது யார்? நான்தான். என் குரலைக் கேட்டே வளர்ந்த எச்சரிக்கை, என் அக்கா மகனுக்கு எதிராகவே திரும்பியிருக்கிறது. தம்பி அன்று மாலை பேசவே இல்லை. கணினிக்காக டயர் காசைக் கொடுத்த அம்மாவின் முகத்தைப் பார்க்கவும் மாட்டேன் என்கிறான்.

வழி ஒன்றுதான். கூகுள் பிளேயில் முறையாகப் போட வேண்டும். பதிவுக்கட்டணம் 25 அமெரிக்க டாலர், ஒரே முறை. அப்போது நம் காசுக்கு ஏறக்குறைய 106 வெள்ளி. மிச்சம் இருந்தது 52. பாக்கியை நான் போட்டேன். ஆனால், தனிநபர் புதிதாகத் திறக்கும் கணக்குக்கு இன்னொரு நிபந்தனை இருக்கிறது: பொதுமக்களுக்கு வெளியிட விண்ணப்பிப்பதற்கு முன், குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாள்கள் அதைச் சோதனையாளர்களாக வைத்திருக்க வேண்டும். முன்பு இது 20 பேராக இருந்ததாம். பல மாணவர்களுக்கு இது பெரிய தலைவலி, ஆள் பிடிக்க அலைவார்கள்.

எங்களுக்கு ஆள் ஏற்கெனவே இருந்தார்கள். 17 குடும்பங்கள்! அவர்களில் மூன்று வீட்டில் ஐபோன். அதற்கான செயலியைத் திரட்ட எக்ஸ்கோட் வேண்டும், அது மேக் கணினியில் மட்டுமே ஓடும், ஆண்டுக்கு 99 டாலர் கட்டணமும் உண்டு. இந்தப் பட்ஜெட்டில் அந்தக் கதவைத் தட்டவே முடியாது. ஐபோன் கனவு இருப்பவர்கள் தொடக்கத்திலேயே பழைய மேக் மினி ஒன்றைப் பார்ப்பது நல்லது. மீதி 14 வீடு.

அக்கா புலனத்தில் எதுவும் எழுதவில்லை. மறுநாள் பிற்பகல் நடையில், ஒவ்வொரு வீட்டு வாசலிலும் வேனை நிறுத்தி, இறங்கி, தாய்மாரிடம் நேரிலேயே பேசினார். "என் மவன் செஞ்சது. பிளே ஸ்டோர்ல இருந்துதான் வரும். அன்னிக்குப் பாப்பா வாசல்ல உக்காந்திருந்துச்சே, இனிமே அப்படி ஆகக் கூடாதுன்னு செஞ்சான்." அந்தப் பாப்பாவின் அம்மாதான் முதலில் சேர்ந்தார். ஐந்து நாளில் 13 பேர். குரல்பதிவு தாத்தா சேரவில்லை, அவர் இன்றும் தொலைபேசியில் அழைத்துத்தான் சொல்கிறார்.

ஒப்படைக்கும் நாளில் விரிவுரையாளர்கள் முன்னால் தம்பி காட்டியது அந்த 13 வீடுகளின் உண்மையான பட்டியல், பெயர்களை மறைத்துவிட்டு. எந்தக் கணினியில் செய்தாய் என்று ஒருவர் கேட்டாராம். சொல்லியிருக்கிறான். வெளியே வந்த பிறகு அவனுடைய வகுப்பு நண்பர்கள் இருவர் கடை எங்கே இருக்கிறது என்று கேட்டிருக்கிறார்கள். தேர்ச்சி பெற்றுவிட்டான். கிடங்கு வேலைப் பேச்சை அக்காவிடம் அவனே ஒருநாள் சொல்லிவிட்டதாகக் கேள்வி. அன்று அடி விழுந்ததா என்று நான் விசாரிக்கவில்லை.

டயர்? இரண்டை செப்டம்பரில் மாற்றினார் அக்கா, மற்ற இரண்டை தீபாவளிக்குப் பிறகு. அவற்றில் ஒன்றுக்கு என் பங்கும் உண்டு.

அந்தச் சர்வர் ரேம் இப்போது ஒலிப்பதிவுக் கூடத்தில் என் மேசைமேல் இருக்கிறது. குறிப்புத் தாள்கள் குளிர்சாதனக் காற்றில் பறக்காமல் இருக்க மேலே வைத்திருக்கிறேன். தொழில்நுட்ப அண்ணன் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கண்ணாடிக்கு வெளியே நின்று கையால் சைகை காட்டுவார்: ஆறு விரல், பிறகு ஒரு பூஜ்யம். நான் அப்போது நேரலையில் இருப்பேன், சிரிக்கவும் முடியாது.